சதுரங்கம் கற்றல்

சதுரங்கம் கற்றல் என்பது, சதுரங்க ஆட்டத்தை முன்பு ஆடியிராத ஒருவர் அதன் பலகை, காய்கள், விதிகள், அடிப்படை உத்திகள் ஆகியவற்றைப் படிப்படியாக அறிந்து, ஓர் ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பிறர் உதவியின்றி ஆடும் நிலையை அடைவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இவ்வாட்டத்தைப் பலர் முதலில் வீட்டிலேயே கற்கின்றனர். வீட்டு வழக்கில் வழங்கும் காய்ப் பெயர்களும் சில விதிகளும் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து வேறுபடுகின்றன. எனவே தொடக்கநிலையாளர் புதியனவற்றைக் கற்பதுடன், முன்பு கற்ற சிலவற்றைத் திருத்திக்கொள்ளவும் வேண்டியுள்ளது. பல மொழிகள் பேசப்படும் ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற எல்லைப் பகுதிகளில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியக்கூடியது.

பலகையும் காய்களும்

சதுரங்கப் பலகை 8 கிடை வரிசைகளும் 8 நெடு வரிசைகளும் கொண்ட 64 கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு ஆட்டக்காரரின் வலக்கை ஓரத்திலும் வெள்ளைக் கட்டம் அமையுமாறு பலகை வைக்கப்படும். இரு தரப்பிலும் 16 காய்கள் உள்ளன. அவை ஓர் அரசன், ஓர் அரசி, இரு கோட்டைகள், இரு அமைச்சர்கள், இரு குதிரைகள், எட்டுக் காலாட்கள் ஆகும். அரசி தன் நிறக் கட்டத்தில் நிற்கும். அதாவது வெள்ளை அரசி வெள்ளைக் கட்டத்திலும் கறுப்பு அரசி கறுப்புக் கட்டத்திலும் வைக்கப்படும். இதனால் இரு அரசர்களும் ஒரே நெடு வரிசையில் எதிரெதிரே அமைவர்.

காய்களின் நகர்வுகள் வருமாறு:

* அரசன்: எத்திசையிலும் ஒரு கட்டம்.
* அரசி: நேராகவும் மூலைவிட்டமாகவும் எத்தனை கட்டங்களும்.
* கோட்டை: நேராக எத்தனை கட்டங்களும்.
* அமைச்சர்: மூலைவிட்டமாக எத்தனை கட்டங்களும். தொடங்கிய நிறக் கட்டத்தை விட்டு மாறாது.
* குதிரை: ஒரு திசையில் இரண்டு கட்டமும் அதற்குச் செங்குத்தாக ஒரு கட்டமும். பிற காய்களைத் தாண்டிச் செல்லும் ஒரே காய் இதுவாகும்.
* காலாள்: முன்னோக்கி ஒரு கட்டம். தன் முதல் நகர்வில் மட்டும் இரண்டு கட்டம் செல்லலாம். எதிர்க் காயை முன்புற மூலைவிட்டக் கட்டத்தில் கைப்பற்றும்.

ஆட்டத்தின் நோக்கம் எதிர் அரசனைத் தப்ப வழியின்றி முற்றுகையிடுவது ஆகும். அரசன் தாக்கப்படும் நிலை முற்றுகை எனவும், அதிலிருந்து மீள எந்த நகர்வும் இல்லாத நிலை இறுதி முற்றுகை எனவும் அழைக்கப்படும். அரசன் தாக்கப்படாமலும் அதே நேரத்தில் ஆடுவதற்கு எந்த நகர்வும் இல்லாமலும் இருந்தால் ஆட்டம் சமநிலையில் முடியும். இது ஸ்டேல்மேட் எனப்படும்.

காய்ப் பெயர்களில் குழப்பம்

ஓசூர் நகரம் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. 2004 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது உள்ளது. சிப்காட் தொழிற்பேட்டையும் அதனைச் சார்ந்த தொழிற்சாலைகளும் பல பகுதி மக்களை இங்கு ஈர்த்துள்ளன. தமிழுடன் தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகளும் இப்பகுதியில் பரவலாகப் பேசப்படுகின்றன. இம்மொழிகள் ஒவ்வொன்றிலும் சதுரங்கக் காய்களுக்குத் தனிப் பெயர்கள் உண்டு.

* அரசி: தமிழில் அரசி அல்லது ராணி. தெலுங்கிலும் கன்னடத்திலும் மந்திரி. உருதுவில் வசீர். வசீர் என்பதற்கும் அமைச்சர் என்பதே பொருள்.
* அமைச்சர்: தமிழில் அமைச்சர், மந்திரி அல்லது பிஷப். தெலுங்கில் சகடு. கன்னடத்தில் ஒண்டெ, அதாவது ஒட்டகம். உருது நூல் வழக்கில் ஃபீல், அதாவது யானை.
* கோட்டை: தமிழ் நூல்களில் கோட்டை, பேச்சு வழக்கில் யானை. தெலுங்கில் ஏனுகு, கன்னடத்தில் ஆனெ. இவ்விரண்டிற்கும் யானை என்பதே பொருள். உருது நூல் வழக்கில் ருக்.
* குதிரை: நான்கு மொழிகளிலும் குதிரை எனப் பொருள்படும் சொல்லே வழங்குகிறது.

இப்பட்டியலில் இரண்டு சொற்கள் தொடக்கநிலையாளரைக் குழப்பக்கூடியவை. முதலாவது மந்திரி. தமிழ் வழக்கில் மூலைவிட்டமாகச் செல்லும் காயைக் குறிக்கும் இச்சொல், தெலுங்கிலும் கன்னடத்திலும் பலகையின் மிக வலிமை வாய்ந்த காயைக் குறிக்கிறது. "மந்திரியை வெட்டு" என்று சொல்லும்போது தமிழ் வீட்டில் கற்ற சிறுவனும் தெலுங்கு வீட்டில் கற்ற சிறுவனும் இரு வேறு காய்களை எண்ணுவர். இரண்டாவது யானை. தமிழ், தெலுங்கு, கன்னட வழக்குகளில் இது நேராகச் செல்லும் காய். பாரசீக வழி வந்த உருதுச் சொல்லிலோ மூலைவிட்டக் காய்.

இவ்வேறுபாடுகளை எவருடைய தவறாகவும் கொள்ள இயலாது. ஆட்டத்தின் வரலாறே இதற்குக் காரணம். சதுரங்கம் என்னும் பெயர் யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிக்கும். பழைய ஆட்டத்தில் அரசனின் அருகில் நின்றது அமைச்சர் ஆகும். பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பாவை அடைந்தபோது அமைச்சர் அரசியாகவும் யானை பிஷப்பாகவும் மாறின. 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அவ்விரு காய்களும் இன்றுள்ள நீண்ட நகர்வுகளைப் பெற்றன. இந்திய மொழிகள் பழைய பெயர்களை வெவ்வேறு காய்களுக்கு வழங்கி வந்தன.

இக்குழப்பத்தைத் தவிர்க்க எளிய வழி, கற்கத் தொடங்கும் நாளிலேயே காயைத் தொட்டுக் காட்டி அதன் பெயரையும் நகர்வையும் ஒன்றாகச் சொல்வதாகும். பின்னர் கட்டக் குறியீட்டைக் கற்றபின் பெயர் வேறுபாடு பெரிதும் இடையூறாக இராது.

நாட்டு விதிகளும் பன்னாட்டு விதிகளும்

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தியாவின் பல பகுதிகளில் சதுரங்கம் நாட்டு விதிகளின்படி ஆடப்பட்டது. இவ்விதிகள் இடத்துக்கு இடம் மாறின. எனினும் பொதுவாகக் காணப்பட்ட வேறுபாடுகள் வருமாறு:

* காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே சென்றது.
* கோட்டை கட்டுதல் இல்லை. அதற்கு மாறாக, அரசன் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போல் தாவலாம். அதற்கு முன் முற்றுகைக்கு உள்ளாகி இருந்தால் இவ்வுரிமை கிடையாது.
* கடைசி வரிசையை அடைந்த காலாள், அந்த நெடு வரிசைக்கு உரிய காயாகவே மாறியது. விரும்பிய காயாக மாற இயலாது.

இவ்விதிகளில் தேர்ந்தவர்கள் பன்னாட்டுப் போட்டிகளில் ஆட விரும்பியபோது மீண்டும் தொடக்கநிலையாளர் ஆயினர். இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு மீர் சுல்தான் கான் ஆவார். பஞ்சாபைச் சேர்ந்த இவர் சிறு வயதில் தம் தந்தையிடம் நாட்டுச் சதுரங்கத்தைக் கற்றார். பன்னாட்டு விதிகளை வளர்ந்த பின்னரே பயின்றார். 1929 இல் இங்கிலாந்து சென்று அவ்வாண்டிலும், 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் பிரித்தானிய வாகையாளர் பட்டம் வென்றார். 1930-31 ஹேஸ்டிங்சு போட்டியில் முன்னாள் உலக வாகையாளர் காப்பபிளாங்காவைத் தோற்கடித்தார். நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் வலிமை மிக்க இவருக்குத் தொடக்க ஆட்டம் குறையாகவே இருந்தது. மெதுவாகத் தொடங்கும் நாட்டு ஆட்டத்தில் வளர்ந்ததே இதற்குக் காரணம் எனக் கூறப்படுகிறது. 2024 இல் உலக சதுரங்கக் கூட்டமைப்பு இவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அவரது மறைவுக்குப் பின் வழங்கியது.

தமிழ்நாட்டில் பன்னாட்டு முறை வேரூன்றியதில் மானுவேல் ஆரோனுக்குப் பெரும் பங்குண்டு. 1935 இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த இவர், 1961 இல் இந்தியாவின் முதல் இன்டர்நேசனல் மாஸ்டர் ஆனார். 1959 முதல் 1981 வரையான காலத்தில் ஒன்பது முறை தேசிய வாகையாளர் பட்டத்தை வென்றார்.

வீட்டு வழக்கில் காணப்படும் தவறான விதிகள்

நாட்டு விதிகளின் எச்சங்களும் பிற புரிதல் பிழைகளும் வீட்டு ஆட்டங்களில் இன்றும் காணப்படுகின்றன. போட்டிகளில் இவற்றுக்கு இடமில்லை.

* முதல் நகர்வில் இரண்டு காலாட்களை ஒவ்வொரு கட்டம் நகர்த்துதல். ஒரு முறைக்கு ஒரு நகர்வே அனுமதிக்கப்படும். கோட்டை கட்டுதல் மட்டுமே இரு காய்கள் நகரும் நகர்வாகும்.
* கடைசி வரிசையை அடையும் காலாள், முன்பு இழந்த காயாக மட்டுமே மாறும் எனக் கருதுதல். உண்மையில் அரசி, கோட்டை, அமைச்சர், குதிரை ஆகியவற்றுள் விரும்பியதாக மாறலாம். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு அரசிகளை வைத்திருக்கவும் முடியும்.
* ஒரு முறை முற்றுகைக்கு உள்ளான அரசன் பின்னர் கோட்டை கட்ட முடியாது எனக் கருதுதல். அரசனும் அந்தக் கோட்டையும் அதுவரை நகராமல் இருத்தல் வேண்டும். இடையில் காய்கள் இருத்தல் கூடாது. கட்டும் வேளையில் அரசன் முற்றுகையில் இருத்தலோ, தாக்கப்படும் கட்டத்தைக் கடத்தலோ, அதில் சென்று நிற்றலோ கூடாது. முன்னர் முற்றுகைக்கு உள்ளானது ஒரு தடையன்று.
* அரசனையே வெட்டி ஆட்டத்தை முடித்தல். அரசன் ஒருபோதும் கைப்பற்றப்படுவதில்லை. இறுதி முற்றுகையுடன் ஆட்டம் முடிகிறது.
* காயைத் தொட்ட பின் வேறு காயை நகர்த்துதல். ஆட எண்ணித் தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்பது போட்டி விதி. கட்டத்தில் காயைச் சரியாக வைக்க விரும்புபவர் அதனை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

வீட்டில் நன்றாக ஆடும் குழந்தை தன் முதல் போட்டியில் திகைப்பதற்கு இவ்வேறுபாடுகளும் ஒரு காரணமாகலாம். போட்டிக்குச் செல்லும் முன் இவற்றைச் சரிபார்த்துக்கொள்வது பயனுடையது.

கற்கும் வரிசை

நகர்வுகளை அறிந்தபின் எதனை முதலில் கற்பது என்பது பற்றிப் பயிற்றுநர்களிடையே பல கருத்துகள் உள்ளன. தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்வதைவிட, குறைந்த காய்கள் உள்ள நிலைகளிலிருந்து தொடங்குவது பழமையான ஒரு முறையாகும். காப்பபிளாங்கா 1921 இல் வெளியிட்ட அடிப்படை நூலும் எளிய இறுதி முற்றுகைகளுடனேயே தொடங்குகிறது.

1. எளிய இறுதி முற்றுகைகள்

அரசனும் அரசியும் தனி அரசனை வெல்லுதல், அரசனும் கோட்டையும் தனி அரசனை வெல்லுதல் ஆகிய இரண்டும் முதலில் கற்கத்தக்கவை. காய்கள் கூடி இயங்க வேண்டும் என்பதை இவை உணர்த்தும். அரசியால் வெல்லும்போது ஸ்டேல்மேட் ஏற்படாமல் காத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, கறுப்பு அரசன் மட்டும் ஏ8 கட்டத்தில் இருக்க, வெள்ளை அரசி பி6 கட்டத்தில் வந்து நின்றால், கறுப்புக்கு நகர்வே இல்லை. அரசனோ தாக்கப்படவில்லை. வெல்ல வேண்டிய ஆட்டம் சமனாகிவிடும்.

2. காலாள் இறுதி ஆட்டம்

ஓர் அரசனும் ஒரு காலாளும் தனி அரசனை எதிர்க்கும் நிலையில், காலாளைக் காட்டிலும் அரசன் முன்னே செல்வது முதன்மையானது. வெள்ளை அரசன் இ5, வெள்ளைக் காலாள் இ4, கறுப்பு அரசன் இ7 எனக் கொள்வோம். கறுப்பு நகர்த்த வேண்டிய முறையானால் வெள்ளை வெல்லும். வெள்ளை நகர்த்த வேண்டிய முறையானால் கறுப்பு சரியாக ஆடிச் சமன் செய்யலாம். அரசர்கள் இவ்வாறு ஒரு கட்டம் இடைவிட்டு எதிர்நிற்றல் 'எதிர்நிலை' எனப்படும்.

இப்பாடம் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. 2024 ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடைபெற்ற உலக வாகையாளர் போட்டியின் 14 ஆவது ஆட்டத்தில், சீனாவின் டிங் லிரென் தம் 55 ஆவது நகர்வில் கோட்டையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். கறுப்புக் காய்களுடன் ஆடிய சென்னையைச் சேர்ந்த தொ. குகேஷ், கோட்டைகளை மாற்றிக்கொண்டு, பின்னர் அமைச்சர்களையும் மாற்றிக்கொள்ளும்படி செய்தார். எஞ்சும் காலாள் இறுதி ஆட்டம் கறுப்புக்கு வெற்றி தருவது. டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். 7.5 - 6.5 என்ற புள்ளிக் கணக்கில் வென்ற குகேஷ் தம் 18 ஆவது வயதில் உலக வாகையாளர் ஆனார். எந்தக் காய்களை மாற்றினால் எந்த இறுதி ஆட்டம் மிஞ்சும் என்பதை அறிந்திருத்தலின் மதிப்பை இவ்வாட்டம் காட்டுகிறது.

3. காய்களின் மதிப்பும் உத்திகளும்

காலாள் 1, குதிரை 3, அமைச்சர் 3, கோட்டை 5, அரசி 9 எனக் காய்களின் மதிப்பு தோராயமாகக் கணக்கிடப்படும். இது விதியன்று. காய்களை மாற்றிக்கொள்ளலாமா என முடிவு செய்வதற்கான வழிகாட்டியே ஆகும்.

தொடக்கநிலை ஆட்டங்களில் பெரும்பாலானவை கவனக்குறைவாகக் காய்களை இழப்பதாலேயே முடிகின்றன. எனவே, ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் "எதிராளியின் கடைசி நகர்வு எதனைத் தாக்குகிறது?", "நான் நகர்த்தும் காய் பாதுகாப்பாக இருக்கிறதா?" என்ற இரு வினாக்களை எழுப்பிக்கொள்ளும் பழக்கம் முதன்மையானது. இதனையடுத்து இருமுனைத் தாக்குதல், பிணைப்பு முதலிய உத்திகளைக் கற்கலாம். சி7 கட்டத்தில் வந்து நிற்கும் வெள்ளைக் குதிரை, இ8 இல் உள்ள கறுப்பு அரசனையும் ஏ8 இல் உள்ள கோட்டையையும் ஒருசேரத் தாக்குவது இருமுனைத் தாக்குதலுக்கு எடுத்துக்காட்டு. ஒரு காய் நகர்ந்தால் அதன் பின்னுள்ள உயர்ந்த காய் தாக்கப்படும் என்னும் நிலை பிணைப்பு ஆகும்.

4. தொடக்க ஆட்டம்

பலகையின் மையத்தைக் காலாட்களால் பிடித்தல், குதிரைகளையும் அமைச்சர்களையும் விரைந்து வெளிக்கொணர்தல், அரசனைக் கோட்டை கட்டிப் பாதுகாத்தல் ஆகிய மூன்று கொள்கைகள் தொடக்கநிலையாளருக்குப் போதுமானவை.

பள்ளிகளில் மிகுதியாக ஆடப்படும் நான்கு நகர்வு முற்றுகை வருமாறு: 1. இ4 இ5 2. அமைச்சர் சி4, குதிரை சி6 3. அரசி எச்5, குதிரை எஃப்6 4. அரசி எஃப்7 கட்டக் காலாளைக் கைப்பற்றி இறுதி முற்றுகை. கறுப்பின் மூன்றாம் நகர்வே பிழையாகும். அதற்கு மாறாக ஜி6 என ஆடினால் வெள்ளை அரசி பின்வாங்க நேரும். இம்முற்றுகையைக் கொண்டு சில வெற்றிகளைப் பெறும் மாணவர், அதனைத் தடுக்கத் தெரிந்தவரிடம் தம் அரசியை அலைய விட்டு நேரத்தை இழப்பார். எனவே இதனைத் தடுக்கக் கற்பதே கூடுதல் பயன் தரும்.

5. ஆட்டத்தைப் பதிவு செய்தல்

நெடு வரிசைகள் ஏ முதல் எச் வரையான எழுத்துகளாலும் கிடை வரிசைகள் 1 முதல் 8 வரையான எண்களாலும் குறிக்கப்படும். இக்குறியீட்டால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் கிடைக்கிறது. நகர்வுகளை எழுதி வைப்பதால் தோற்ற ஆட்டத்தை மீண்டும் ஆடிப் பார்த்துப் பிழையைக் கண்டறியலாம். நீண்ட நேரப் போட்டிகளில் இவ்வாறு எழுதுதல் கட்டாயமாகும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என எம்மொழியில் கற்றவரும் இக்குறியீட்டின் வழியே ஒருவர் ஆட்டத்தை மற்றவர் படிக்க இயலும்.

கற்கும் இடங்கள்

வீடு

விசுவநாதன் ஆனந்த் தம் ஆறாவது வயதில் தாயார் சுசீலாவிடம் இவ்வாட்டத்தைக் கற்றார். ர. வைசாலி தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கும் பொருட்டுப் பெற்றோரால் சதுரங்க வகுப்பில் சேர்க்கப்பட்டார். அவரைப் பார்த்து ஆடத் தொடங்கிய தம்பி ர. பிரக்ஞானந்தா 2018 இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் வைசாலியும் அப்பட்டத்தைப் பெற, இருவரும் உலகின் முதல் அக்காள் - தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் ஆயினர்.

மன்றம்

1972 இல் சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் மானுவேல் ஆரோன் மிகைல் தால் சதுரங்க மன்றத்தைத் தொடங்கினார். முன்னாள் உலக வாகையாளர் ஒருவரின் பெயரைக் கொண்ட இம்மன்றத்தில் சிறுவரும் பெரியவரும் ஒரே பலகையில் ஆடினர். ஆனந்த் இங்கு ஆடிப் பயின்றவர். இவர் 1988 இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். தம்மினும் வலியவரிடம் தொடர்ந்து ஆடித் தோற்பதும், அத்தோல்வியின் காரணத்தை அவரிடமே கேட்டறிவதும் மன்றத்தில் கிடைக்கும் தனிப் பயனாகும்.

பள்ளி

2010களின் முற்பகுதியில் 7 முதல் 17 வயது வரையான மாணவர்களுக்குப் பள்ளிகளில் சதுரங்கம் கற்பிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது. 2022 சூலை 28 முதல் ஆகத்து 10 வரை மாமல்லபுரத்தில் 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றதையொட்டி, அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சதுரங்கப் போட்டிகள் நடத்தப்பட்டன. வேட்டி கட்டிய குதிரை உருவான 'தம்பி' அதன் சின்னமாக விளங்கியது.

இணையம்

இணையத் தளங்களில் கட்டணமின்றி ஆடவும் புதிர்களைத் தீர்க்கவும் இயலும். பயிற்றுநர் அருகில் இல்லாத ஊர்களில் இது பேருதவியாகும். எனினும் சில நிமிடங்களில் முடியும் விரைவு ஆட்டங்களை மட்டுமே ஆடுபவர் சிந்தித்து ஆடும் பழக்கத்தைப் பெறுவது கடினம். தொடக்கநிலையாளர் குறைந்தது அரை மணி நேர ஆட்டங்களை ஆடி, அவற்றை மீண்டும் பார்ப்பது நன்று.

எல்லைப் பகுதி மாணவர்களின் போட்டி வழி

இந்தியாவில் வயதுப் பிரிவுப் போட்டிகள் பொதுவாக மாவட்டம், மாநிலம், தேசம் என்னும் படிநிலைகளில் நடைபெறுகின்றன. ஓசூர் மாணவருக்கு மிக அருகில் உள்ள பெருநகரம் பெங்களூர். ஆனால் தமிழ்நாட்டின் சார்பில் ஆடுவதற்கான தேர்வுப் போட்டிகள் தமிழ்நாட்டு அமைப்பின் கீழ் நடைபெறுபவை. சென்னையோ ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. எனினும் எம்மாநிலத்தவரும் பங்கேற்கக்கூடிய திறந்த நிலைப் போட்டிகள் இரு மாநிலங்களிலும் நடத்தப்படுவதால், ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவில் போட்டி அனுபவம் பெறும் வாய்ப்பு எல்லைப் பகுதி மாணவர்களுக்கு உண்டு.

முதல் போட்டிக்குச் செல்லும் மாணவர், எதிரில் அமர்பவர் எம்மொழி பேசினாலும், மூன்றை அறிந்திருந்தால் போதுமானது. அவை தொட்ட காயை நகர்த்தும் விதி, நகர்வுகளை எழுதும் முறை, கடிகாரத்தை நகர்த்திய கையாலேயே அழுத்தும் விதி ஆகியன. ஐயம் எழும்போது எதிராளியுடன் வாதிடாமல் கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைப்பது ஆட்டக்காரரின் உரிமையாகும்.